ரெடிமேட் பலகை வாங்கச் சொன்னவர்களுக்கு



நீளமான பதிவு. பஸ்ஸில் இருப்பவர்கள் இப்போது தொடங்க வேண்டாம். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

போன வாரம் நான் செய்து முடித்த கிட்டாரின் படத்தை இங்கே போட்டேன். பக்கத்திலேயே நான் அறுத்துக் கெடுத்த முதல் பலகையின் படத்தையும் போட்டேன். கிட்டாரை எல்லாரும் பாராட்டினீர்கள், நன்றி. ஆனால் கெட்டுப்போன பலகையைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு அறிவுரை சொல்லும் ஆசை வந்துவிட்டது. "சார், ஃபிங்கர் போர்டு மட்டும் ரெடிமேடா வாங்கியிருக்கலாமே. கம்ப்யூட்டர் மெஷின்ல அறுத்து வருது. முதல் கிட்டாருக்கு அந்த ரிஸ்க் எதுக்கு?" ஒருவர் எழுத, மற்றவர்கள் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தீர்கள். என் சித்தப்பா மகன் இன்னும் ஒரு படி மேலே போனான். "அண்ணே, நம்ம குடும்பத்துல யாரு உளி புடிச்சிருக்கா? ரிட்டயர்டு ஆன வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டு, கூடவே இரண்டு சிரிப்புப் பொம்மை.

தனித்தனியாகப் பதில் எழுத எனக்கு விரல் வலிக்கும். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். முதல் கிட்டார் செய்பவர் மற்ற எதை வேண்டுமானாலும் கடையில் வாங்கட்டும். நானும் வாங்கினேன். பக்கப் பலகைகளை வளைத்தே விற்கிறார்கள், வாங்கினேன். தந்தியை முறுக்கும் சாவிகளை வாங்கினேன். கழுத்துக்குள் வைக்கும் இரும்புக் கம்பியை வாங்கினேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை. ஆனால் விரல்பலகையைத் தன் கையால்தான் அறுக்க வேண்டும், மெட்டைத் தன் கையால்தான் அடிக்க வேண்டும். நீங்கள் எல்லாரும் சொல்வது நேர் தலைகீழ். "மற்றதைச் செய்யுங்க, இதை மட்டும் வாங்கிடுங்க" என்கிறீர்கள்.

கிட்டார்க்காரர்கள் ஃப்ரெட் என்று சொல்வதை வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். எனக்கு மெட்டுதான் வாயில் வருகிறது, அப்படியே எழுதுகிறேன். கழுத்தின் மேல் ஒட்டியிருக்கும் கறுத்த பலகைதான் விரல்பலகை. அதில் குறுக்கே இருபது காடி அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு உலோகக் கம்பியை இறக்க வேண்டும். தந்தியை அந்த மெட்டுக்குப் பின்னால் அழுத்தினால் தந்தியின் நீளம் குறையும், சுரம் ஏறும். எங்கே அறுக்கிறோம் என்பதுதான் எந்தச் சுரம் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. உடம்புப் பலகையின் அழகைப் பற்றி ஆளுக்கொரு கருத்து சொல்லலாம். காடி இருக்கும் இடத்தைப் பற்றிக் கருத்து சொல்ல முடியாது. அது சரி, அல்லது தப்பு.

இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு உங்களில் பலருக்கு நான் நடத்தியதுதான். பத்தாம் வகுப்பு, பெருக்குத் தொடர்வரிசை. சட்ஜமத்திலிருந்து மேல் சட்ஜமம் வரை பன்னிரண்டு சமமான படிகள். பன்னிரண்டு படி ஏறினால் தந்தியின் நீளம் சரிபாதி ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு படிக்கும் நீளத்தை 1.05946-ஆல் வகுக்க வேண்டும். அதாவது மிச்சமிருக்கும் நீளத்தை 17.817-ஆல் வகுத்து, வரும் அளவைத் தள்ளினால் அடுத்த மெட்டின் இடம். என் கிட்டாரின் தந்தி நீளம் 650 மில்லிமீட்டர். முதல் மெட்டு 36.48-இல். ஏழாவது 216.18-இல். பன்னிரண்டாவது சரியாக 325-இல். முப்பத்து நாலு வருடம் பெருக்குத் தொடர்வரிசை நடத்தினேன். பாக்டீரியா பெருகுவதையும், வங்கியில் வட்டி ஏறுவதையும், பந்து துள்ளுவதையும் உதாரணமாகச் சொன்னேன். ஒரு தடவைகூட ஒரு கிட்டாரை வகுப்புக்குக் கொண்டுவந்து "இதோ பார், இடைவெளி எப்படிச் சுருங்குகிறது" என்று காட்டியதில்லை. எனக்கே தெரியாது, எப்படிக் காட்டுவேன்?

இப்போது கெட்டுப்போன பலகையின் கதை.

ஈட்டி மரத்துண்டு, 700 ரூபாய். (கருங்காலி வாங்கத்தான் ஆசை. மாலை மோகம் வந்த பிறகு எது கருங்காலி, எது சாயம் போட்ட கட்டை என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. விட்டுவிட்டேன்.) கணக்கெல்லாம் போட்டு, ஒவ்வொரு இடைவெளியையும் தாளில் எழுதிக்கொண்டேன். முதல் கோடு போட்டேன். அந்தக் கோட்டிலிருந்து அளந்து இரண்டாவது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது. இப்படியே நடந்து போனேன். பென்சில் கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு, என் கண்ணுக்கும் எழுபது வயது. ஒவ்வொரு தடவையும் 0.3 மில்லிமீட்டர் கூடிக்கொண்டே போயிருக்கிறது. பன்னிரண்டாவது கோட்டை அறுத்து முடித்த பிறகு சந்தேகம் வந்து நட்டிலிருந்து அளந்தேன். 325 இருக்க வேண்டிய இடத்தில் 328.6! சுரத்தில் சொன்னால், ஒரு அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏறிப்போகும். சங்கீதம் தெரியாத காதுக்கும் அது உறுத்தும்.

எல்லா மெட்டையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். அளவுகோலை ஒரே இடத்தில் பிடித்து, நகர்த்தாமல், இருபது கோட்டையும் போட வேண்டும். அப்போது ஒரு கோட்டின் பிழை அந்தக் கோட்டோடு நின்றுவிடும், அடுத்ததன் தலையில் ஏறாது. பிழைகள் கூடிக்கொண்டே போகும் என்பதை நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதியவன்தான் செய்தேன்.

"அதற்குத்தான் சார் சொல்றோம், ரெடிமேட்" என்பீர்கள். மெஷினில் அறுத்த பலகை துல்லியமானது, மறுக்கவில்லை. என்னைவிட நூறு மடங்கு துல்லியம். ஆனால் ஒன்று யோசியுங்கள். கிட்டார் முழுவதிலும் கெட்டால் தூக்கி எறியக்கூடிய ஒரே பெரிய பாகம் இதுதான். கழுத்தில் ஒட்டும்வரை அது தனிப் பலகை. மேல்பலகை பிளந்தால் மாதக்கணக்கு வேலை போகும். இது போனால் 700 ரூபாய், இரண்டு நாள் தூக்கம். தப்பு செய்வதற்கு இவ்வளவு மலிவான இடத்தை விட்டுவிட்டு, "ரிஸ்க்" என்று இதையே ஒதுக்கச் சொல்கிறீர்கள். வங்கியில் வேலை பார்ப்பவர்கள்கூடச் சொல்கிறீர்கள். என்ன கணக்கு இது?

இன்னொன்று. ரெடிமேட் பலகையை ஒரு கடையில் வாங்குவீர்கள், மெட்டுக் கம்பியை இன்னொரு கடையில். கம்பியின் மேல்பக்கம் வளைந்த முதுகு, கீழ்ப்பக்கம் காடிக்குள் இறங்கும் மெல்லிய நாக்கு, அந்த நாக்கில் சின்னச் சின்ன முள். அரை மில்லிமீட்டர் சமாச்சாரம். காடி அகலமாக இருந்தால் முள் பிடிக்காது, கம்பி தூக்கிக்கொள்ளும், தந்தி அதில் மோதி இரையும். காடி இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு மெட்டும் ஒரு ஆப்பு. இருபது ஆப்பை ஒரு பலகையில் வரிசையாக இறக்கினால் பலகை பின்பக்கமாக வில் போல வளையும். துண்டுப் பலகையில் நாலு காடி அறுத்து, அந்தக் கம்பியையே அடித்துப் பார்த்தவனுக்குத்தான் எவ்வளவு இறுக்கம் போதும் என்று கைக்குத் தெரியும். இதை எந்த மெஷின் பலகையோடு பார்சலில் அனுப்பும்?

அந்தக் கம்பி என்ன உலோகம் தெரியுமா? பெரும்பாலும் நம் கல்யாணங்களில் தாம்பாளமாகவும் குங்குமச் சிமிழாகவும் வரும் ஜெர்மன் சில்வர் வகையறாதான். செம்பு, துத்தநாகம், நிக்கல். வெள்ளி ஒரு குன்றிமணி கிடையாது. வரதட்சணைப் பட்டியலில் "வெள்ளி" என்று எழுதி இதைக் கொடுத்து ஏமாற்றிய ஒரு சம்பந்தி எனக்கு நினைவுக்கு வருகிறார், அது வேறு பதிவு.

இப்போது என் தம்பிக்கு வருகிறேன். "நம்ம குடும்பத்துல யாரு உளி புடிச்சிருக்கா?"

யாரும் பிடிக்கவில்லை. அதனால்தான் என் முதல் பலகை கெட்டது. இரண்டாவது பலகையை இழைத்து மட்டம் பார்க்க ஒரு தச்சுப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் தலை நரைத்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க சார், நான் உங்ககிட்ட ஒன்பதாவது படிச்சேன்" என்றார். கெட்ட பலகையையும் காட்டினேன். அளவுப் பிழையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பலகையின் ஓரத்தை விரலால் தடவிவிட்டு, "சார், ஓரத்தை முதல்லயே சாய்ச்சுச் சீவிட்டா, மூலைமட்டத்தை எதுல வைப்பீங்க?" என்று கேட்டார்.

விரல்பலகை நட்டுப் பக்கம் குறுகியும் உடம்புப் பக்கம் அகன்றும் இருக்கும். நான் அந்தச் சாய்வை முதலில் சீவிவிட்டு, அந்தச் சாய்ந்த ஓரத்தில் மூலைமட்டத்தை வைத்துக் காடி அறுத்திருந்தேன். அளவு சரியாக இருந்திருந்தாலும் இருபது காடியும் கோணலாகத்தான் இருந்திருக்கும். ஓரம் நேராக இருக்கும்போதே எல்லாக் காடியையும் அறுத்துவிட வேண்டும், சாய்வு அதற்கப்புறம். அவர் வாழ்நாளில் கிட்டாரைத் தொட்டதில்லை. அரை நிமிடத்தில் சொன்னார்.

பிறகு நட்டில் ஆறு தந்திக்கும் இடம் குறிக்க வேண்டியிருந்தது. முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் நடுவே 36 மில்லிமீட்டர், அதில் ஐந்து சம இடைவெளி. நான் 7.2, 14.4 என்று தாளில் எழுதத் தொடங்கினேன். அவர் இரண்டு ஓரக் கோட்டையும் இணையாக நீட்டி, அளவுகோலைச் சாய்த்து வைத்தார். ஒரு கோட்டில் பூஜ்யம், அடுத்த கோட்டில் 50. பத்து, இருபது, முப்பது, நாற்பதில் புள்ளி வைத்தார். அவ்வளவுதான், ஐந்து சமபாகம். தசமமே இல்லை. (தடித்த தந்திக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் விட வேண்டும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டு மாற்றினேன், அது வேறு விஷயம்.)

சாய்ந்த அளவுகோலைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

1993-இல் ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் 11 சென்டிமீட்டர் அகலமுள்ள செவ்வகத்தை ஏழு சமபட்டைகளாகப் பிரிக்கும் ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். காம்பஸ் வைத்து, ஏழு வில் வெட்டி, இணைகோடு போட்டுச் செய்ய வேண்டிய கணக்கு. ஒரு பையன் அளவுகோலைச் சாய்த்து, ஒரு ஓரத்தில் பூஜ்யமும் மறு ஓரத்தில் பதினாலும் படும்படி வைத்து, இரண்டு இரண்டாகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தான். விடை துல்லியமாக இருந்தது. ஐந்துக்குப் பூஜ்யம் போட்டேன். அவன் எழுந்து வந்து ஏன் என்று கேட்டபோது, "படி எங்கடா? இது உங்க அப்பா பட்டறை இல்ல" என்றேன். வகுப்பு சிரித்தது. இதைப் படிப்பவர்களில் அன்று சிரித்தவர்களும் இருப்பீர்கள்.

அவன் செய்தது அடிப்படை விகிதசம தேற்றம். இணைகோடுகள் ஒரு குறுக்குக் கோட்டை வெட்டும் விகிதத்தில்தான் இன்னொரு குறுக்குக் கோட்டையும் வெட்டும். அதைத்தான் அடுத்த வருடம் நானே பத்தாம் வகுப்பில் நிரூபணத்தோடு நடத்தி, மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பேன். தேற்றத்தின் பெயர் தெரியாமல் தேற்றத்தைக் கையில் வைத்திருந்த பையனுக்குப் பூஜ்யம். பெயரை மட்டும் தெரிந்தவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து. அந்த ஐந்துக்கு ஐந்துகள்தான் இன்று எனக்கு ரெடிமேட் வாங்கச் சொல்கிறீர்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. உளியைக் கீழாகவும் தாளை மேலாகவும் பார்க்கும் பார்வையை உங்களுக்குக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. பட்டறைக்காரர் அந்தப் பையன்தானா? ஆமாம், அவர்தான்.

நானும் தாளை நம்பித்தான் இரண்டாவது பலகையிலும் அடி வாங்கினேன். இந்தத் தடவை காடி எல்லாம் நட்டிலிருந்தே அளந்து அறுத்தேன், பன்னிரண்டாவது மெட்டு 325-இல் கச்சிதம். கம்பியைப் பலகையின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து, முதலில் இரண்டு முனையையும் தட்டி இறக்கி, பிறகு நடுவைத் தட்டினேன். கம்பி அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும், அதைக் கேட்டு நிறுத்த வேண்டும். மெட்டுகளின் முதுகில் மார்க்கர் பேனாவால் மை பூசி, நீளமான மட்ட அரத்தால் மை எல்லாவற்றிலும் ஒரேபோல அழியும்வரை ராவினேன். குதிரையையும் பன்னிரண்டாம் மெட்டிலிருந்து இன்னொரு 325-இல் ஒட்டினேன். கணக்கு சரி, அளவு சரி.

பேத்தி வந்து மீட்டிப் பார்த்தாள். "தாத்தா, பன்னண்டாவதுல அழுத்தினா மேல போகுதே" என்றாள். போகத்தான் செய்தது. தந்தியை அழுத்தும்போது அது கீழே இறங்கி மெட்டில் படுகிறது, அந்த இழுப்பில் இறுக்கம் கூடுகிறது, சுரம் ஏறுகிறது. என் சூத்திரத்தில் விரலே கிடையாது. அதை ஈடுகட்டக் குதிரையை இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் பின்னால் தள்ளி வைக்க வேண்டும், தடித்த தந்திகளுக்கு இன்னும் கொஞ்சம். சூடு காட்டிக் குதிரையைக் கழற்றி மறுபடி ஒட்டினேன். பழைய இடத்தின் தடம் மேல்பலகையில் ஒரு கோடாக நிற்கிறது. படத்தில் தெரியாதபடி கோணம் பார்த்து எடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலி லூட் வாசிப்பவர். 1581-இல் வெளியிட்ட இசை நூலில், மெட்டு வைக்க 18-க்கு 17 என்ற விகிதத்தைச் சொன்னார். மிச்ச நீளத்தைப் பதினெட்டால் வகு, அவ்வளவுதான். 17.817 இல்லை, வெறும் 18. வாத்தியம் செய்கிறவர்கள் வெகுகாலம் அதையே பயன்படுத்தினார்கள். முதலில் படித்தபோது "பாமரக் கணக்கு" என்று நினைத்தேன். 650-க்குப் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டாவது மெட்டு 322.6-இல் வருகிறது, 2.4 மில்லிமீட்டர் குறைவு, சுரம் கொஞ்சம் இறங்கும். விரல் அழுத்தத்தில் சுரம் கொஞ்சம் ஏறும். ஒன்று இறங்க, ஒன்று ஏற, பிழை பிழையைத் தின்கிறது. என் துல்லியமான எண் செய்யாததை அந்தப் "பாமர" எண் பாதியாவது செய்தது.

தஞ்சாவூரில் இருந்த நாட்களில் வீணை செய்யும் வீடுகளில் போய் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே இருபத்து நாலு மெட்டையும் மெழுகில் பதிப்பார்கள், மேளம் கட்டுவது என்று பெயர். மெட்டை வைத்து, தந்தியை மீட்டி, காதால் கேட்டு, மெழுகு இளகியிருக்கும்போதே ஒரு நூல் நகர்த்தி, மறுபடி மீட்டுவார்கள். அளவுகோல் எடுத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு "என்ன, கண்ணளவில் செய்கிறார்களே" என்று மனதுக்குள் சிரித்தேன். விரலும் தந்தியும் காதும் மூன்றுமே அவர்கள் கணக்கில் இருந்தன என்று இப்போது புரிகிறது. கிட்டாரில் அந்த வசதி இல்லை. காடி அறுத்தது அறுத்ததுதான். அதனால்தான் சொல்கிறேன், அறுத்துப் பழகுங்கள்.

தம்பி, உனக்கு இதுதான் பதில். நம் குடும்பத்தில் உளி பிடித்த முதல் ஆள் நான். எழுபதில் பிடித்தேன், சுமாராகப் பிடிக்கிறேன். உன் பேரன் பத்திலேயே பிடிக்கட்டும். ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனம் வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுநாள் அதைப் பிடித்தவனை வாசலில் நிற்க வைத்துப் பேசுகிற வழக்கத்தை நீயும் விடு. நானும் வாசலில் நிற்க வைத்துப் பேசியவன்தான்.

அடுத்த கிட்டாருக்குப் பலகை வாங்கிவிட்டேன். அறுக்காத பலகை. யாராவது என்னோடு உட்கார்ந்து அறுத்துப் பார்க்க விரும்பினால் வீட்டுக்கு வரலாம், துண்டுப் பலகை நிறைய இருக்கிறது. ரெடிமேட் லிங்க் அனுப்புபவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

பட்டறைக்காரரிடம் 1993-ஐப் பற்றி நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. இழைப்புக் கூலி கொடுத்தபோது வாங்க மறுத்தார், நானும் அதிகம் வற்புறுத்தாமல் திரும்பிவிட்டேன், அது இன்னொரு தப்பு. அவர் ஃபேஸ்புக்கில் இல்லை. அதனால்தான் இதையெல்லாம் இங்கே இவ்வளவு சுலபமாக எழுத முடிகிறது என்பதும் எனக்குத் தெரியும். வெயில் ஏற ஏறப் பலகை சுருங்கி, பதினாலாம் மெட்டின் முனை பேத்தியின் கையைக் கீறுகிறது. அதை அரம் போட ஞாயிற்றுக்கிழமை காலை கிட்டாரோடு அவர் பட்டறைக்குப் போகிறேன்.